விடியலுக்கு எழுநூறு

அமைதி, ஒரு விடியலுக்கு எழுநூறு ரூபாய். எப்போதும்வென்றான் ஊரில் மீன் குட்டை வைத்திருக்கும் பிச்சை முகம்மது ஆயிரத்தில் ஆரம்பித்து, மாட்டுச் சந்தை வழக்கப்படி துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசி, மூன்று விடியலை அந்த விலைக்கு விற்றார். வாங்கியவன் ஹரி. கோவில்பட்டி மளிகைக்கடை ராஜமணியின் மகன். மீன்கள் பொழுதுக்குப் பொழுது எப்படி மாறுகின்றன என்று அவற்றின் சத்தத்தை வைத்து ஆராய்கிறவன். தண்ணீருக்குள் மைக் கிடக்கும்போது, மீனுக்குக் காற்றூட்டத் தண்ணீரை வாரி இறைக்கும் மோட்டார் ஓடக்கூடாது, கொக்கு விரட்டத் தகரம் தட்டக்கூடாது. அதுதான் சரக்கு.

முதல் விடியலில் தீவனம் போட்டதும் ஹெட்போனை அவர் காதில் மாட்டினான். உள்ளே ஒரு கல்யாணப் பந்தியே அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்தது.

"தின்னே என்னைய அழிக்குதுவ," என்றார் பெருமையாக.

மறுநாள் விடியலில் தீவனம் அப்படியே மிதந்தது.

"ஒண்ணும் கேக்கலயே, மாப்ள."

"அதான் அண்ணாச்சி. நேத்து முழுக்க மேகம். தண்ணில காத்து இல்ல. வாயப் பொளந்துக்கிட்டு மேல வருது பாருங்க. மோட்டாரப் போடுங்க."

பிச்சை முகம்மது ஓடினார். சுவிட்சில் கை வைத்தார். எடுத்துவிட்டார்.

"வித்த சரக்கு. நீரு விலை சொல்லாம நான் தொட முடியாது."

"போடுங்க அண்ணாச்சி, அப்புறம் பேசிக்கிடுவோம்."

"அப்புறம்னு சொன்ன கடைக்காரன் எவன் கொறைச்சுக் கேட்டிருக்கான்? ஒம்ம அய்யாகிட்ட எத்தன வருசமா சரக்கு எடுக்குதேன். துண்டுக்குள்ள கைய விடும்."

ஹரி குட்டையைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், கையை விட்டான். இரண்டு விரலைப் பிடித்தான். கெடுகிற இந்த விடியலுக்குத் தண்டமாக இன்னும் இரண்டு விடியல், இலவசமாக.

கேட்ட விலைக்குப் பிச்சை முகம்மது பிறந்ததிலிருந்து ஒத்துக்கொண்டதில்லை. ஒன்றரைக்கு இழுக்க வாயைத் திறந்தார். கரையோரம் ஒரு கட்லா மீனும் வாயைத் திறந்தது.

"சரி," என்றார்.

மோட்டார் ஓடியது. வெயில் ஏறியபோது மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. ஹரியின் மைக்கில் அன்று முழுக்க மோட்டார்தான்.

"ஒண்ணு கேட்டிருந்தாலும் குடுத்திருப்பேனே, மாப்ள."

"அரைக்கு இழுத்திருப்பிய."

அவர் மறுக்கவில்லை. விரலை மடக்கிக் கணக்குச் சொன்னார். விற்றது மூன்று விடியல். கொடுத்தது ஒன்று, இன்றையது சேராது. தண்டம் இரண்டு. பாக்கி நாலு.