சொர்ணம்மாளின் முழங்கை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஆனாலும் பம்பாய் மாட்டுங்காவில் நான் வேலை பார்த்த கிளினிக்கில் தமிழ் பேசும் நோயாளிகள் எல்லாம் "அம்மிணி இருக்காளா?" என்றுதான் கேட்டு வருவார்கள். அங்கே தமிழ் தெரிந்த பிசியோதெரபிஸ்ட் நான் ஒருத்திதான். வேறு வழியில்லை அவர்களுக்கு.

1986 தீபாவளிக்கு நான்கு வாரம் இருக்கும்போது சொர்ணம்மாள் வந்தார். தாராவியில் முறுக்கு போட்டு விற்பவர். பித்தளை அச்சின் பிடியைத் திருகித் திருகி வலது முழங்கை வீணாகியிருந்தது. எங்கள் பெரிய டாக்டர் சீட்டில் 'டென்னிஸ் எல்போ' என்று எழுதியிருந்தார். வேறொரு டாக்டர் முழங்கையில் ஊசி போட வேண்டும் என்றதும் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிவந்தவர். தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு பிழிய ஆரம்பித்தால்தான் ஆர்டரை முடிக்க முடியும். அந்த வியாபாரத்தில்தான் அவர் வீடு பாதி வருஷம் ஓடுகிறது.

"ஊசியே வேண்டாம் அக்கா," என்றேன். "களிம்பைத் தடவி, மேல இந்த அல்ட்ராசவுண்ட் மெஷினை வச்சுத் தேய்ப்பேன். காதுக்குக் கேக்காத சத்தம். அது மருந்தைத் தோல் வழியா உள்ள தள்ளும். பத்து நாள்ல கை சரியாயிடும், பாருங்கோ."

"எங்க வீட்லயும் அப்படித்தான் டாக்டரம்மா. நான் போடுத சத்தம் எதுவும் எம் புருசன் காதுக்குக் கேக்காது."

தினமும் களிம்பைத் தடவி, மெஷினின் வட்டத் தலையை அவர் முழங்கையில் சுற்றிச் சுற்றித் தேய்ப்பேன். தினமும் கேட்பேன். "குறைஞ்சிருக்கு டாக்டரம்மா," என்பார். எனக்குத் தலைகால் புரியாது. ஒன்பதாம் நாள், என் சாமர்த்தியத்தைக் காட்ட பெரிய டாக்டரையே கூட்டிவந்து நிறுத்திவிட்டேன்.

"அந்தத் தண்ணி ஜக்கைத் தூக்குங்கோ அக்கா."

சொர்ணம்மாள் என் முகத்தைப் பார்த்தார். தூக்கினார். பாதியில் விரல்கள் விட்டுவிட்டன. ஜக் விழுந்து தண்ணீர் சிதறியது. பெரிய டாக்டர் தண்ணீரைத் தாண்டி வெளியே போய்விட்டார், திட்டியிருந்தால் தேவலை.

அப்போதுதான் கவனித்தேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. விளக்கு எரிந்தது. மல்லாந்து கிடந்த அதன் வட்டத் தலையின்மேல் நாலு சொட்டுத் தண்ணீர் சும்மா இருந்தது. காதுக்குக் கேட்காத அந்தச் சத்தம் வந்துகொண்டிருந்தால் அது காய்ந்த தோசைக்கல்லில் தெளித்தது மாதிரி துள்ள வேண்டும். தினமும் காலையில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும் என்று படிக்கும்போதே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எல்லாம் தெரிந்தவள் நான், அதை எப்போதோ விட்டுவிட்டேன்.

"அக்கா, தேய்க்கறச்சே சூடு தெரிஞ்சுதோ?"

"மொத மூணு நாள் இதமா இருந்திச்சி. நாலாம் நாள்ல இருந்து ஒண்ணும் இல்ல."

"பின்னே ஏன் குறைஞ்சிருக்குன்னு சொன்னேள்?" கத்தியேவிட்டேன்.

அவர் இடது கையால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நீங்க தெனமும் அம்புட்டு ஆசையாக் கேக்கிய. அந்த மொகத்தப் பாத்து இல்லன்னு எப்படிச் சொல்லுவேன்? புள்ள மனசு வாடிப் போவும்லா."

என் முகம் வாடக்கூடாது என்று தன் வீட்டின் பாதி வருஷத்தையே பணயம் வைத்திருந்தார் அந்த மனுஷி. எனக்கு வெட்கமாக இருந்தது. அவர்மேல் சொல்லமுடியாத பிரியம் வந்தது. அதுவும் கோபமாகத்தான் வெளியே வந்தது.

"இனிமே வலிச்சா வலிக்கறதுன்னு சொல்லணும். என் மூஞ்சி எக்கேடோ கெட்டுப் போகட்டும்!"

செம்பூரிலிருந்து மெக்கானிக் வந்து, உள்ளே அறுந்திருந்த ஒயரை மாற்ற இரண்டு நாள் ஆயிற்று. அதன்பிறகு தினமும் சொர்ணம்மாளின் கண்ணெதிரே ஒரு சொட்டு விடுவேன். அது துள்ளிய பிறகுதான் களிம்பைத் தொடுவேன். மெஷினை நம்பலாம் என்றாகிவிட்டது. ஆனால் இவரை எப்படி நம்புவது? என்ன கேட்டாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தேவலை," என்பார். நாட்கள் ஓடின. முறுக்கு பிழிய ஆரம்பிக்கும் நாளும் வந்துவிட்டது.

மறுநாள் வந்தார். களிம்பு தடவித் தேய்த்தபடியே பயந்து பயந்து கேட்டேன். "பிழிஞ்சேளா?"

"எட்டு கிலோ பிழிஞ்சேன்."

"வலி?"

வழக்கம்போல என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தவர், பாதியில் பார்வையைத் திருப்பித் தன் முழங்கையைப் பார்த்தார்.

"வலிச்சிது. சாயங்காலம் ரெம்ப வலிச்சிது. இப்பவும் இந்தா, இந்த எடத்துல வலிக்கி. ஆனா அச்சு கைய விட்டு நழுவல டாக்டரம்மா. கடைசி வர நாந்தான் பிழிஞ்சேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்ததில் மெஷினைப் பிடித்திருந்த மற்ற கை அசையாமல் நின்றுவிட்டது.

"ஏ அம்மிணி! சுடுது!" என்று அதட்டினார் சொர்ணம்மாள். "ஒரே எடத்துல வச்சிக்கிட்டு நிக்கியே! மொதல்ல கைய நகத்து, அழுகைய அப்புறம் வச்சுக்கிடு!"

கையை நகர்த்தினேன். டாக்டரம்மா என்று கூப்பிடுவது அன்றோடு நின்றுபோயிற்று.