உடனிருப்பவர் பெயர்

இன்று ராத்திரி வீட்டில் கூட யார் இருப்பார்கள் என்று நர்ஸ் கேட்டதற்கு, முருகப்பன், செத்து மூன்று வருஷமான தன் மனைவியின் பேரைச் சொன்னார்.

திட்டம் போட்டுச் சொன்ன பொய் இல்லை. வாயில் வந்துவிட்டது. நாற்பது வருஷம் குடும்பம் நடத்தியும் "இந்தா" என்றே கூப்பிட்டுப் பழகிய மனிதர். அவள் பேரை முழுசாக உச்சரித்தது இறப்புச் சான்றிதழ் வாங்கப் போனபோது ஒரு தடவை, இப்போது ஒரு தடவை. ஷர்லி என்ற அந்த நர்ஸ், ஃபாரத்தில் 'உடனிருப்பவர் பெயர்' என்ற இடத்தில் ஆவுடையாள் என்று எழுதிக்கொண்டு, போன் நம்பர் கேட்டாள். அதையும் சொன்னார். அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் அது ஒன்றுதான்.

வலது தோள் மூட்டு தேய்ந்துபோய் சட்டை மாட்டவே ஆள் தேட வேண்டிய நிலைமை வந்த பிறகுதான் புதுக்கோட்டையில் இந்த எலும்பு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். டாக்டர் செம்மல் நிதானமான ஆள். முதல் நாளே உட்காரவைத்து விளக்கியிருந்தார்.

"மூட்டு மாத்திட்டு அன்னைக்குச் சாயங்காலமே வீட்டுக்குப் போயிரலாம். பயப்பட வேண்டாம். ஆனா எல்லாரையும் அப்படி அனுப்ப மாட்டோம். நெஞ்சு நல்லா இருக்கணும், நுரையீரல் நல்லா இருக்கணும், சர்க்கரை கட்டுல இருக்கணும். ஒங்களுக்கு மூணும் சரியா இருக்கு. நாலாவது, மொத ராத்திரி வீட்ல ஒரு ஆள் பக்கத்துல இருக்கணும். கழுத்துல போடுற ஊசி கையை மட்டும் மரத்துப்போக வைக்காது, அந்தப் பக்கத்து மூச்சையும் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். சாஞ்சு உக்காந்துதான் தூங்கணும். மல்லாக்கப் படுத்தா முட்டும். ஆள் இல்லைன்னா சொல்லுங்க, ஒரு ராத்திரி இங்கயே தங்கிட்டுப் போகலாம்."

ஆஸ்பத்திரியில் இன்னொரு ராத்திரி தங்குவது மட்டும் முருகப்பனால் முடியாது. அதை டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

மூன்று வருஷத்துக்கு முன் ஆவுடையாளுக்கு நெஞ்சில் சளி கட்டி, திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஐந்து ராத்திரி அவர்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆறாவது நாள் அவள் எழுந்து கஞ்சி குடித்தாள். அவருக்குத் தலை கிறுகிறுத்தது, லாட்ஜில் போய் ஒரு தூக்கம் போட்டால் தேவலை என்றிருந்தது. கிளம்பும்போது அவள், "இருங்களேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். காலையில வந்துர்றேன் என்று போய்விட்டார்.

விடிந்து எழுந்தபோது போனில் அவளிடமிருந்து ஒரு மிஸ்டு கால் கிடந்தது. ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தார். அவள் கையைப் பிடித்தபோது சூடு இருந்தது. ஆள் இல்லை.

அன்று மத்தியானம் பெங்களூரிலிருந்து வந்த மகன் ராம்நாத் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "ஏன் அப்பச்சி போனீங்க?" அப்புறம் அவன் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். மழை, பல்வலி, சமையல்காரி வந்தாளா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்த ஒரு கேள்வியை முருகப்பன் மூன்று வருஷமாக மென்றுகொண்டிருந்தார். அவனைப் பெற்றவளை விட்டுவிட்டுத் தூங்கப் போனவன், எந்த முகத்தை வைத்துக்கொண்டு "எனக்குக் கூட வந்து இரு" என்று பிள்ளையைக் கேட்பது? ஆபரேஷன் விஷயத்தையே அவனிடம் சொல்லவில்லை. தனியாகக் கிடப்பது தனக்குச் சரியான தண்டனைதான் என்று நினைத்தார். பார்க்கிறவர்களுக்கு வெறும் வீம்பாகத்தான் தெரிந்திருக்கும். வீம்பும் கொஞ்சம் உண்டு.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. நாலு மணிக்குக் கார் ஏறினார். டிரைவர் குழந்தைசாமி திருமயம் தாண்டி ஊருக்குள் திரும்பும்போது, "ராத்திரிக்கு யாரு இருக்கா?" என்று கேட்டான். ராம்நாத் வந்துகொண்டிருக்கிறான் என்றார். நர்ஸிடம் ஒன்று, டிரைவரிடம் ஒன்று. எழுபது வயதில் பொய் சரளமாக வருகிறதே என்று அவருக்கே கூச்சமாக இருந்தது. வழியிலேயே தன் போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டார். குழந்தைசாமி பையை வாசல் முகப்பில் வைத்துவிட்டுப் போனான்.

அந்த வீட்டில் வளவு என்கிற நடுமுற்றத்தைச் சுற்றி எட்டு உள்வீடுகள். ஏழு பங்காளிகளுடைய ஏழு பூட்டு தொங்கிற்று. பூட்டாத எட்டாவது அறை அவருடையது. சாய்வு நாற்காலியில் ஒரு மணி நேரம் இருந்து பார்த்தார். இடுப்பு கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து தரையில் பாய் விரித்துப் படுத்த உடம்பு. கொஞ்ச நேரம்தானே என்று இடது கையை ஊன்றி, பாயில் மல்லாந்தார்.

கண் அயர்ந்தது. விழித்தபோது அறை இருட்டிக்கொண்டு வந்தது, வயிற்றின்மேல் யாரோ ஒருவரின் கை இருந்தது.

உதறப் பார்த்தார், அசையவில்லை. இடது கையால் தொட்டார். விரல்கள் சூடாக இருந்தன, ஆனால் தொடுகிற உணர்ச்சி அந்தப் பக்கம் துளியும் இல்லை. கழுத்தோடு தூளி கட்டின தன்னுடைய வலது கைதான் என்று அறிவு சொன்னது. உடம்பு நம்பவில்லை. சூடு இருக்கிறது, ஆள் இல்லை. திருச்சியில் பிடித்த அந்தக் கைதான் வந்து படுத்திருக்கிறது என்று தோன்றியதும் அவருக்கு வியர்த்துவிட்டது. எழுந்து உட்காரலாம் என்றால் மூச்சு பாதியில் நின்றது. இழுத்தார். மறுபடியும் பாதிதான் வந்தது.

அப்போதுதான் ஆவுடையாளின் போன் அடித்தது.

தலைமாட்டு அலமாரியில், சார்ஜரில், மூன்று வருஷமாக இருக்கிறது. பெரிய பொத்தான் வைத்த சின்ன போன். ரீசார்ஜ் செய்யத் தவறியதில்லை. சில நாள் தன் போனிலிருந்து அதற்கு அடித்து, மணி நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருப்பார். அவரைத் தவிர அதற்கு அடிக்க ஆளே கிடையாது. அவர் போனோ அணைந்து கிடக்கிறது. அவள்தான் கூப்பிடுகிறாள் என்று முருகப்பன் நினைத்தார். பயந்தார், பயத்தோடு ஒரு ஆசையும் இருந்தது.

தொங்கிய சார்ஜர் ஒயரை இடது கையால் எட்டிப் பிடித்து இழுத்தார். போன் மார்பில் வந்து விழுந்தது.

"ஆச்சிங்களா? ஆஸ்பத்திரியிலருந்து ஷர்லி பேசுறேன். ஐயா எப்படி இருக்காங்க?"

"நான்தான் பேசுறேன்."

"ஐயாவா? ஒங்க போன் ஆஃப்ல இருக்கு. ஆச்சிகிட்டக் குடுங்க."

"அவ அடுப்படியில இருக்கா."

"ஏன் இப்படி மூச்சு வாங்குது? படுத்திருக்கீங்களா?" அவள் குரல் மாறியது. "ஆச்சியைக் கூப்பிடுங்கய்யா. கூப்பிடுங்க, நான் லைன்ல இருக்கேன்."

முருகப்பன் கூப்பிட்டார். வாசல் பக்கம் தலையைத் திருப்பி, இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து, "ஆவுடையாள்" என்றார்.

அந்தப் பேர் வளவுக்குள் போயிற்று. பூட்டின ஏழு கதவுகளுக்கும் கேட்டிருக்கும். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிடுவாள் என்று அவர் நிஜமாகவே காத்திருந்தார். போனின் அந்தப் பக்கம் ஷர்லியும் காத்திருந்தாள். யாரும் வரவில்லை. மூன்று வருஷத்தில் அவள் இல்லை என்பது அவருக்கு அந்த நிமிஷம்தான் முழுசாகத் தெரிந்தது.

"வர மாட்டாம்மா," என்றார். "அவ செத்து மூணு வருஷமாச்சு. வீட்ல யாரும் இல்ல."

ஷர்லி படபடப்பில்லாமல் ஒவ்வொன்றாகச் சொன்னாள். இடது பக்கம் ஒருக்களிங்க. முட்டியை மடக்குங்க. முழங்கையை ஊனுங்க. சொவத்துல சாயுங்க. இரண்டு தடவை சரிந்து, மூன்றாவது தடவை சுவரில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தார். மூச்சு முக்காலுக்கு வந்தது.

"ஆம்புலன்ஸ் கெளம்பிருச்சு, அரை மணி நேரத்துல வந்துரும். கதவு தாப்பாப் போட்டிருக்கா?"

"இல்ல. ஒத்தைக் கையால போட முடியல."

"நல்லதாப் போச்சு. அவங்க வர்ற வரைக்கும் தூங்காதீங்க. சொந்தக்காரங்க யாருக்காச்சும் போன் பண்ணிப் பேசிக்கிட்டே இருங்க." நிறுத்தினாள். அப்புறம் அவளால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "ஏங்கய்யா இப்படிப் பண்ணீங்க? ஆச்சி பாத்துக்குவாங்கன்னு எழுதி நான்தானே அனுப்பினேன். ஒங்களுக்கு ஒண்ணு ஆயிருந்தா, நான் காலத்துக்கும் எப்படிய்யா நிம்மதியாத் தூங்குவேன்?"

தண்டனை தன்னோடு போய்விடும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார். தான் பட்டதை ஒன்றும் அறியாத ஒரு பெண் தலையில் கட்டிவிட்டுப் போக இருந்தது இப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

ஷர்லி போனை வைத்ததும், ராம்நாத்தைக் கூப்பிட்டுவிடுவது என்று தீர்மானித்தார். தன் போன் முகப்பில், அதுவரை நடக்க முடியாது. இந்தப் போனிலேயே அவன் நம்பர் இருக்கும். பச்சைப் பொத்தானை அமுக்கினார். ஆவுடையாள் கடைசியாகக் கூப்பிட்ட நம்பர்கள் வரிசையாக வந்தன. அவள் போன பிறகு அந்தப் போனிலிருந்து யாரும் யாரையும் கூப்பிட்டதில்லை. அவரும் அந்தப் பட்டியலைத் திறந்து பார்க்கத் துணிந்ததில்லை.

ராம்நாத். ராம்நாத். ராம்நாத். ராம்நாத். அதற்குக் கீழே 'ராம் அப்பச்சி' என்று அவர்.

எல்லாம் அந்தக் கடைசி விடியற்காலை. புருஷனை ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். பிறகு பிள்ளையை நாலு தடவை. அவனும் எடுக்கவில்லை. நாலு மிஸ்டு காலை வைத்துக்கொண்டு அன்று மத்தியானம் வந்து நின்ற பிள்ளை, தன்னையே கேட்டுக்கொள்ள முடியாததை அப்பனைக் கேட்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைதோறும் பல்வலியைப் பற்றி விசாரித்தவனும் இதைத்தான் மென்றுகொண்டிருந்திருக்கிறான்.

முதல் பேரிலேயே மறுபடி பச்சையை அமுக்கினார். அமுக்கிய பிறகுதான் பெங்களூரில் அவன் போனில் என்ன பேர் தெரியும் என்பது நினைவுக்கு வந்தது. நிறுத்துவதற்குள் மணி போய்விட்டது. ஒரு மணி முழுசாக அடிக்கவில்லை. அந்தப் பக்கம் எடுத்தாயிற்று. மூச்சு மட்டும் கேட்டது.

"ஆத்தா," என்றான் ராம்நாத். "எடுத்துட்டேன் ஆத்தா."

"ஆத்தா இல்லப்பா, அப்பச்சி," என்றார் முருகப்பன். "தனியா இருக்கேன். கெளம்பி வாரியா?"