ஒன்பதாவது இடத்தில் வேலூர்

வேலூரை எழிலரசி ஒன்பதாவது இடத்தில் போட்டிருந்தாள். அதற்கு மேலே திருநெல்வேலி, தூத்துக்குடி, மதுரை, கோவை என்று ஆம்பூரிலிருந்து எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போயிருந்தது பட்டியல். மருத்துவ மேல்படிப்புக் கவுன்சிலிங்குக்குக் கல்லூரிகளை வரிசைப்படுத்தி நாளை மதியத்துக்குள் லாக் செய்துவிட வேண்டும். அப்புறம் மாற்ற முடியாது. லேப்டாப்பை மடியில் வைத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவளின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த அம்மா ஜெயம்மாளுக்கு, ஒன்றிலிருந்து எட்டு வரை ஒன்றுமே பிடிக்கவில்லை.

"இன்னாடி இது? கிர்கிஸ்தான்ல ஆறு வருஷம் இருந்தது பத்தலையா? வேலூர்லயே ஸ்கின் டாக்டர் படிப்பு கெடைக்கும்னு நீதானே சொன்ன? லீவு வுட்டா ஒரு மணி நேரத்துல வூட்டுக்கு வந்துடலாம்."

"அங்க கூட்டம் ஜாஸ்திம்மா," என்றாள் எழிலரசி. நோயாளிகள் அதிகம் வரும் இடத்தில்தான் நன்றாகக் கற்றுக்கொள்ள முடியும் என்று போன வாரம் இதே வாயால் சொன்னவள். ஜெயம்மாளுக்கு ஞாபகசக்தி கொஞ்சம் கூடுதல். அதையும் சொல்லிக்காட்டினாள்.

வாசற்படிக்கு உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா பெருமாள் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளும் துண்டுக்குள் இருந்தன. தோல் பதனிடும் கம்பெனியில் இருபத்தாறு வருஷமாக குரோம் டிரம்மில் வேலை. டிரம்மைத் திறந்து, நீலமாக நனைந்து கிடக்கும் தோல்களை இழுத்துப் போடும் கைகள் அவை. மகள் எதிரில் அவற்றைத் துண்டால் மூட ஆரம்பித்து ஐந்து மாதம் ஆகிறது. ஏன் என்று ஜெயம்மாளுக்குத் தெரியாது. எழிலரசிக்குத் தெரியும்.

அப்போது அவள் வேலூர் ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜன். வெளிநாட்டில் படித்தவள் என்றால் வசதியான வீட்டுப் பெண்ணாகத்தான் இருப்பாள் என்று கூட இருந்தவர்களுக்கு ஒரு நினைப்பு. அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டபோது, "ஷூ எக்ஸ்போர்ட் கம்பெனில மேனேஜர்" என்று சொல்லிவிட்டாள். மாதனூர்ப் பக்கம் இருந்த கழனியை விற்றுத்தான் படிக்கப் போனேன் என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. அதற்கு வாய்ப்பே அமையவில்லை என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். வாய்ப்பெல்லாம் தாராளமாக அமைந்தது. சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

தோல் பிரிவுக்கு வந்த முதல் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. பேராசிரியர் பத்து மாணவர்களைச் சுற்றி நிறுத்தி, "நல்ல கேஸ் ஒண்ணு வந்திருக்கு, பாருங்க" என்று ஒரு நோயாளியை நாற்காலியில் உட்காரவைத்தார். படிய வாரிய தலை, பொங்கலுக்கு எடுத்த வேட்டி, சட்டை. அப்பா. மகள் இருக்கும் ஆஸ்பத்திரியாயிற்றே என்று கம்பெனித் தொழிலாளர்களுக்கான ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போகாமல், சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி வந்திருந்தார். அவளைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. எழிலரசி குனிந்து கையுறையைச் சரிசெய்தாள்.

"புறங்கை மேல இருக்கட்டும். வெரல நல்லா விரிச்சு, லைட்டுக்கு நேரா அசையாம வைங்க," என்றார் பேராசிரியர். பிறகு எழிலரசியைப் பார்த்து, "நீ சொல்லு" என்றார்.

அவள் அந்தக் கையைத் தொட்டுத் திருப்பினாள். விரல் முட்டிகளில் மிளகு அளவுக்குக் குழி குழியாகப் புண். குரோமியத்தால் வருவது, ஓரம் தடித்திருக்கும், வலி குறைவாக இருக்கும், வேலையை விடாமல் ஆறாது. ஒன்று விடாமல் சொன்னாள். கிர்கிஸ்தானில் படம் பார்த்து மனப்பாடம் செய்தது இல்லை அது. சின்ன வயதில் அவளுக்குச் சோறு பிசைந்து ஊட்டிய கை.

"வெரி குட். நீ ஸ்கின்தான் எடுக்கணும்," என்ற பேராசிரியர் நோயாளியிடம் திரும்பினார். "வீட்ல வேற யாராவது இந்த வேலைக்குப் போறாங்களா? பசங்க?"

பெருமாள் ஒரு தடவை மகளைப் பார்த்தார். அவள் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

"பசங்க கெடையாது சார்."

சீட்டை வாங்கிக்கொண்டு போகும்போது, "வர்றேன் டாக்டரம்மா" என்று அவளைக் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்த வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்தபோது இரண்டு பேரும் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. அடுத்த வாரமும் திறக்கவில்லை. நாளாக ஆக அது பேச முடியாத விஷயமாகிவிட்டது. திருநெல்வேலியும் தூத்துக்குடியும் பட்டியலின் தலையில் ஏறி உட்கார்ந்தது இப்படித்தான். மூன்று வருஷம் அந்த அறையில், அந்த நாற்காலியைத் தினமும் பார்த்துக்கொண்டு அவளால் இருக்க முடியாது.

ஜெயம்மாள் பால் வாங்கக் கிளம்பினாள். அவள் தெருமுனை தாண்டும்வரை பெருமாள் காத்திருந்தார்.

"எழிலு."

"இன்னாப்பா?"

"வேலூரையே மொதல்ல போடும்மா. அந்த சார் அத்தினி பேர் எதிர்ல உன்ன மெச்சினாரு. நல்ல மனுஷனாத் தெரியுது." கொஞ்சம் நிறுத்தினார். "நான் இனிமே அந்தப் பக்கம் வரமாட்டேன். ஈ.எஸ்.ஐ.லயே காட்டிக்கிறேன். உனக்கு ஒரு பேஜாரும் இருக்காது."

குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் அவள் அழுதாவது தீர்த்திருப்பாள். நாளைக்கு எந்த பஸ்ஸில் போகலாம் என்று சொல்வதுபோல, ஒரு ஏற்பாட்டைத்தான் சொன்னார். எழிலரசிக்கு உடம்பெல்லாம் கூசியது. "அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தாள். புண்ணைப்பற்றி அன்றைக்கு அவ்வளவு பேசிய வாய்க்கு இந்த ஒரு வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை.

பட்டியல் திறந்தபடியே இருக்க, லேப்டாப்பைக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்தாள். போய் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"கையக் காட்டுப்பா."

பெருமாள் துண்டை விலக்கினார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் புறங்கை மேலாக, விரல்களை நன்றாக விரித்து, பேராசிரியர் அன்றைக்குச் சொல்லிக்கொடுத்தபடியே, டியூப்லைட்டுக்கு நேராக நீட்டி அசையாமல் வைத்துக்கொண்டார்.