வடக்குத்து வீட்டுக்கு நாலு கேமரா

கேமரா வாங்கப் போனால் பைத்தியம் பிடிக்கும் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால், பேசாமல் ஒரு நல்ல பூட்டாக வாங்கி கேட்டில் மாட்டியிருப்பேன். புல்லட்டா டோமா, நாலு சேனலா எட்டு சேனலா, ராத்திரியில் எத்தனை தூரம் தெரியும், மழையில் நனைந்தால் என்ன ஆகும். வீட்டுக்கு டைல்ஸ் எடுத்தபோதுகூட எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் இவ்வளவு சண்டை வரவில்லை.

வீடு என்றால் நாங்கள் குடியிருக்கிற வீடு இல்லை. நாங்கள் இருப்பது நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில். என் வீட்டுக்காரர் சசிகுமார் மைன்ஸில் பெர்மனென்ட். ரிட்டையர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டுமே என்று பக்கத்திலேயே வடக்குத்தில் மனை வாங்கிக் கட்டினோம். மாடி எங்களுக்கென்று பூட்டிக் கிடக்கிறது. கீழே இரண்டு போர்ஷன், இரண்டும் வாடகைக்கு. ஒன்றில் கருப்பசாமி. எங்கள் விருதுநகர்ப் பக்கத்து ஆள், குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு இங்கே ஒரு கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராக இருக்கிறார். இன்னொன்றில் தனகோடி. உள்ளூர்க்காரர், மைன்ஸில் கான்ட்ராக்டில் கூட்டிப் பெருக்குகிற வேலை. புருஷன் இல்லை. மகள் வெண்மதி கடலூரில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள்.

முதலில் கருப்பசாமியின் வண்டியில் பெட்ரோல் குறைந்தது. பிறகு பக்கவாட்டுச் சந்தில் அவர் வைத்திருந்த காஸ் சிலிண்டர், சீல்கூடப் பிரிக்காதது, காணாமல் போனது. மனிதர் நேரே குவார்ட்டர்ஸுக்கு வந்து உட்கார்ந்துகொண்டார்.

"நான் யாரையும் சொல்லல மேடம். ஆனா கேட்டுக்குள்ள இருக்கது ரெண்டே வீடு. எம் பொருள நானே எடுப்பனா?"

"யாரையும் சொல்லலேன்னா இப்ப சொன்னதுக்குப் பேரு என்னண்ணே?" என்றேன்.

"அந்த ஆளுகளுக்கு வீடு குடுக்கும்போதே யோசிச்சிருக்கணும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. தொட்டி நிரம்பி வழிந்தால் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்துவது தனகோடி. சாக்கடை அடைத்தால் ஆள் பிடித்து வருவது தனகோடி. இவர் செருப்பைக்கூட வாசலுக்கு நடுவில்தான் கழற்றிப் போடுவார். இதை எல்லாம் கேட்டுக்கொண்டு என் வீட்டுக்காரர் டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலமே வடக்குத்துக்குப் போனேன். பேச்சு எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

"கேமரா வெச்சுடுங்கம்மா," என்றார் தனகோடி. "குழாயாண்ட போனா பேச்ச நிறுத்திக்கிறாங்க. நான் எடுக்கல, நான் எடுக்கலன்னு யார் யார்கிட்ட போய் சொல்லிகினு இருக்கிறது? தையில வெண்மதிக்கு மாப்ள பாக்கலாம்னு இருக்கேன். திருடி பொண்ணுன்னு ஒரு வார்த்த வந்துட்டா எவன் வருவான் எங்க வூட்டுக்கு? கேமராவுல பாருங்க. நான்தான்னா நீங்களே தொரத்திடுங்க."

ஆகவே கேமரா தனகோடிக்காகத்தான். அந்த சிலிண்டர் எக்கேடு கெட்டால் எனக்கென்ன.

அதற்கப்புறம் ஊரில் உள்ளவர்கள் எல்லாம் கேமரா நிபுணர்கள் ஆகிவிட்டார்கள். வீட்டுக்காரரோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்க்கும் சோமசுந்தரம், எட்டு சேனலுக்குக் கீழே வாங்குவது வேஸ்ட் என்றார். அவர் வீட்டில் காவலுக்கு இருப்பது ஒரு நாய். நாங்கள் பண்ருட்டிக்குப் போனோம். கடைக்காரர் வாசலைக் காட்டும் கேமராவை டிவியில் போட்டு, "எதிர்ல பலாப்பழம் விக்கிறவரு மூக்கு தெரியுதுங்களா மேடம்?" என்றார். எனக்கு மூக்கு வேண்டாம், கேட்டுக்குள் வருகிற ஆள் தெரிந்தால் போதும் என்றேன்.

எதை எங்கே மாட்டுவது என்பதில் கடையிலேயே எங்களுக்குள் முட்டிக்கொண்டது. என் வீட்டுக்காரருக்கு இரண்டு போர்ஷன் கதவையும் நேராகப் பார்க்க வேண்டுமாம்.

"குடியிருக்கிறவங்க குளிச்சிட்டு வெளிய வர்றத நீங்க செல்லுல பாக்கணுமாக்கும்?" என்று கேட்டேன். கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வயர் எண்ண ஆரம்பித்தார். கடைசியில் கேட்டுக்கு ஒன்று, சந்துக்கு ஒன்று, பின்பக்கம் ஒன்று, மாடிப்படிக்கு ஒன்று என்று நாலு கேமராவில் வந்து நின்றது. யார் கதவையும் எதுவும் பார்க்கக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கினேன்.

பில் போடும்போது கடைக்காரர், "யூபிஎஸ் ஒண்ணு சேத்துடலாங்களா சார்?" என்றார்.

என் வீட்டுக்காரர் சத்தமாகச் சிரித்தார். "நெய்வேலிக்காரன்கிட்டயே யூபிஎஸ் விக்கப் பாக்கிறீங்களே. ஊருக்கே கரண்ட் குடுக்கிறது நாங்கதாங்க."

எங்கள் குவார்ட்டர்ஸில் கரண்ட் போகாது. ஜில்லா முழுக்க இருட்டில் கொசு அடித்துக்கொண்டிருந்தாலும் எங்கள் ஃபேன் சுற்றும். மெழுகுவத்தி கேக்குக்கு மட்டும்தான் வாங்குவோம். வடக்குத்து டவுன்ஷிப்புக்கு வெளியே இருக்கிறது, அங்கே தினமும் கரண்ட் போகும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த நேரத்துக்கு ஒருத்தர் மண்டையிலும் உறைக்கவில்லை.

கேமரா மாட்டிய புதிதில் எல்லாம் அமைதியாகத்தான் இருந்தது. கருப்பசாமி கேட்டைத் தாண்டும்போதெல்லாம் மேலே பார்த்துத் தலையைக் கோதிக்கொண்டார். பிறகு ஒரு நாள் மத்தியானம், அவர் டூட்டியில் இருந்தபோது, புதிதாக வாங்கி வைத்த சிலிண்டரும் போய்விட்டது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். மாட்டினான் என்று நினைத்தேன். இரண்டு பேரையும் மாடிக்கு வரச்சொல்லி, அங்கே கேமராவோடு இணைத்து வைத்திருந்த டிவியைப் போட்டோம்.

சந்து தெரிந்தது. சிலிண்டர் தெரிந்தது. ஒரு கோழி அதைச் சுற்றிக்கொண்டு போனது. அப்புறம் திரை கறுப்பாகிவிட்டது. மறுபடி படம் வந்தபோது சந்து இருந்தது, சிலிண்டர் இல்லை.

"கரண்ட் போயிருக்கு," என்றார் என் வீட்டுக்காரர். அதைக் கண்டுபிடித்ததற்கு மெடல்தான் கொடுக்க வேண்டும்.

"கரண்ட் போனா இது வேல செய்யாதுன்னு வெளியாளுக்கு எப்பிடித் தெரியும் மேடம்?" என்றார் கருப்பசாமி. "உள்ள இருக்கவங்களுக்குத்தான தெரியும்?"

தனகோடி முதல் ஷிஃப்ட் முடித்து வந்து அந்த நேரம் வீட்டில்தான் படுத்திருந்தார். அதை அவரே சொன்னார். பிறகு, "இன்னொரு வாட்டி போடுங்க சார்," என்றார். போட்டார். கோழி போனது, கறுப்பானது. "இன்னொரு வாட்டி," என்றார். மூன்றாவது தடவையும் கறுப்புதான். அவர் படியிறங்கிப் போனார். அவர் பெயரைக் காப்பாற்ற வாங்கிய கேமரா, அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது.

திரும்பும் வழி முழுக்க வண்டியின் பின்னால் உட்கார்ந்து என் வீட்டுக்காரரை வறுத்து எடுத்தேன். "ஊருக்கே கரண்ட் குடுக்கிறவருக்கு ஒரு பேட்டரி வாங்க வலிச்சுதோ?" மறுநாளே பண்ருட்டிக்கு ஓடி யூபிஎஸ் வாங்கி வந்து மாட்டினார். இனி எதற்கு?

அடுத்த மாதம் இரண்டு தெரு தள்ளி, லோடு ஆட்டோவில் சிலிண்டர் ஏற்றிக்கொண்டிருந்த இரண்டு பேரை ஜனங்களே பிடித்துக் கொடுத்தார்கள். கரண்ட் போனால் புழுக்கம் தாங்காமல் எல்லோரும் வாசல் மரத்தடிக்கு வந்துவிடுவார்கள், பக்கவாட்டுச் சந்தெல்லாம் காலியாகக் கிடக்கும், அந்த நேரம் பார்த்து எடுப்போம் என்று ஒப்புக்கொண்டார்கள். எங்கள் சந்தில் எடுத்த இரண்டையும் அவர்களே சொன்னார்கள்.

தனகோடியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று கருப்பசாமியைக் கேட்டேன்.

"நாந்தான் யாரையும் சொல்லலையே மேடம்," என்றார். அந்த ஆளை என்ன செய்வது?

ஒரு நாள் காலையில் காபி குடித்துக்கொண்டே சும்மா செல்லில் கேமராவைத் திறந்தேன். தனகோடி வேலைக்குக் கிளம்பி வந்தார். கேட்டருகே கேமராவுக்கு நேர் கீழே நின்றார். பையின் வாயை விரித்து மேலே காட்டினார். டிபன் டப்பாவை எடுத்து மூடியைத் திறந்து காட்டினார். முந்தானையை உதறினார். எல்லாவற்றையும் உள்ளே வைத்துக்கொண்டு போனார். பழைய படங்களைத் தள்ளிப் பார்த்தேன். தினமும் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. மைன்ஸ் கேட்டில் கான்ட்ராக்ட் ஆட்கள் செக்யூரிட்டி முன்னால் இப்படித்தான் நிற்பார்கள். என் வீட்டு வாசலில், வாடகை கொடுத்துக் குடியிருக்கிற ஒருத்தர் அப்படி நிற்கிறார்.

உடனே அவருக்கு போன் போட்டேன்.

"என்னக்கா இது? திருடனத்தான் புடிச்சாச்சே. இன்னும் எதுக்குப் பையத் தொறந்து காட்டிட்டு நிக்கிறீங்க?"

"அவன புடிச்சிட்டாங்கம்மா," என்றார் தனகோடி. "அடுத்தது காணாம போனா மொதல்ல எங்க வூட்டத்தான பாப்பாங்க. கேமரா முழிச்சிகினு இருக்கறப்பவே பாத்து வெச்சுக்கட்டும்."