சட்டை நுனி

மெட்ரோ ரயிலின் கதவு மூடிய பிறகுதான், பின்னால் யாரும் சட்டையை இழுக்கவில்லை என்பது லாரி டிரைவருக்கு உறைத்தது. கண்ணாஸ்பத்திரியிலிருந்து அதன் நுனியைப் பிடித்துக்கொண்டே வந்த மனைவி, கூட்டத்தோடு பிளாட்பாரத்திலேயே நின்றுவிட்டாள். கண்ணில் மருந்து விட்டிருந்தார்கள். சாயங்காலம் வரை எல்லாம் மங்கல்தான், கையை விட்டுவிடாதீர்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நாலு பேர் பார்க்க என்ன கையைப் பிடிப்பது என்று இவர் சட்டையைக் கொடுத்திருந்தார். அவளுடைய போனும் பத்திரமாக இவர் பையில்தான் இருந்தது. ரயில் நகர்ந்தபோது தலைகளுக்கு நடுவே அவள் முகம் மட்டும் தெரிந்தது. பக்கத்தில் நின்ற யாரையோ இவர் என்று நினைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

பயப்பட ஒன்றுமில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டார். ஊர் ஊராக லாரி ஓட்டியவர். பெயர்ப்பலகை பாஷைக்குப் பாஷை மாறும், அதை யார் படிப்பது? பெட்ரோல் பங்க், இடிந்த மதில், விளம்பரம் என்று அடையாளம் வைத்துத்தான் ஓட்டுவார். வழி கேட்கிறவன் டிரைவரே இல்லை என்று கிளீனர்களிடம் சவடால் வேறு. மனைவி நின்ற இடத்துக்கும் அடையாளம் இருந்தது: சுவர் முழுக்கப் பல்லைக் காட்டிச் சிரிக்கும் பற்பசைக்காரி.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி எதிர் ரயிலைப் பிடித்தார். முதலில் வந்த ஸ்டேஷனில் கூட்ட நெரிசலில் சுவர் தெரியவில்லை, பற்பசைக்காரியைக் காணாததால் இறங்கவில்லை. அதற்கடுத்ததில் பற்பசைக்காரியைக் கண்டதும் குதிக்காத குறையாக இறங்கினார். மனைவி இல்லை. மறுபடி ஏறினார். அடுத்த ஸ்டேஷனிலும் பற்பசைக்காரி சிரித்தாள். இறங்கி, ஏறி, படி மாறி, முன்னே போகிறோமா பின்னே போகிறோமா என்பதே குழம்பிப்போயிற்று. மகனுக்குப் போன் போட்டார்; மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. கடைசியில் சீருடையில் நின்ற காவலரிடம் போனார்.

"சார், என் சம்சாரத்தத் தொலைச்சிட்டேன்."

"எந்த ஸ்டேஷன்லங்க?"

"இந்தப் பொம்பளை சிரிச்சிட்டு இருந்தாளே, அங்க."

காவலர் சுவரைப் பார்த்தார். "ஐயா, இது எல்லா ஸ்டேஷன்லயும் ஓடுதுங்க. டிவி மாதிரி."

அவர் சொல்லி முடிப்பதற்குள் பற்பசைக்காரி மறைந்து ஒரு கார் வந்தது. டிரைவர் சுவரையும் காவலரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பதறாதீங்க. எல்லா இடத்துக்கும் வயர்லெஸ்ல சொல்லிடறேன். அம்மா என்ன கலர் டிரஸ்?"

காலையில் அவள் எதிரே வந்து நின்று, "இது நல்லாருக்கா?" என்று கேட்டது ஞாபகம் வந்தது. செருப்பைத் தேடிக்கொண்டே, "ம், கிளம்பு" என்றிருந்தார். அதற்கப்புறம் அவள் பின்னால்தான் வந்தாள். வழியிலிருந்த பெட்ரோல் பங்கின் நிறத்தைக் கேட்டிருந்தால் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பார்.

"நீலம்... இல்ல, பச்சையா..."

"யோசிச்சுச் சொல்லுங்கய்யா."

காவலர் வயர்லெஸ்ஸை வாயருகே வைத்துக்கொண்டு காத்திருந்தார். டிரைவரின் கை தானாகப் பின்னால் போய்ச் சட்டை நுனியைத் தடவியது. அவள் பிடித்திருந்த இடத்தில் துணி இன்னும் கசங்கியே இருந்தது.