அலமாரிக்குப் பின்னால்

பெரிய அருங்காட்சியகத்திலிருந்து கண்காட்சி வைக்க அழைப்பு வந்தபோது ஓவியருக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருடமாகத் தனியாக வரைந்து, தனியாக விற்று, விற்காததைச் சுவரோரம் சாய்த்து வைத்தே பழகியவள். கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு அக்கா மகளிடம் நீட்டினாள்.

"ஒரு வழியா அவங்க கண்ணுக்கு நீங்களும் தெரிஞ்சிட்டீங்க சித்தி," என்று அவள் சிரித்தாள்.

அக்கா இறந்து ஆறு வருடம். அக்காவின் கடைசி மாதங்கள் இந்த வீட்டில்தான் கழிந்தன. மகளுக்கு அப்போது வெளியூரில் படிப்பு. எல்லாம் முடிந்தபின் வந்தவள், இங்கேயே ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை தேடிக்கொண்டு சித்தியோடு தங்கிவிட்டாள். சித்திக்குக் கம்ப்யூட்டர் என்றாலே ஆகாது. மெயிலுக்குப் பதில் போடுவது, படங்களைப் போட்டோ எடுத்து அனுப்புவது எல்லாம் அவள் பொறுப்பு.

எந்தப் படம் வேண்டும், எது எங்கே தொங்க வேண்டும் என்று முடிவு செய்கிற க்யூரேட்டர் ஒரு மதியம் வீட்டுக்கு வந்தார். யாரையும் நோகடிக்காத மெத்தென்ற குரல். அவர் படியிறங்கிப் போனதும் அக்கா மகள் அவருக்குப் 'பஞ்சு' என்று பெயர் வைத்தாள். அதுவே நிலைத்துவிட்டது.

ஓவியர் கறாராகப் பட்டியல் போட்டு வைத்திருந்தாள். நாற்பது படம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே இரண்டு கை அகலத்துக்கு வெறும் சுவர். எதுவும் கண் மட்டத்துக்கு மேலே ஏறக் கூடாது. பக்கத்தில் விளக்கம் எழுதி ஒட்டக் கூடாது.

பஞ்சு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆனால் அவர் கண் படங்களில் நிற்கவில்லை. சாயம் காய்ந்து மேடுதட்டிய மேசை, பிடி உடைந்த கோப்பையில் தூரிகைகள், ஜன்னலோரத்து ஒற்றைக் கட்டில், மூலையில் குறுக்காக நின்ற மர அலமாரி என்று மேய்ந்துகொண்டிருந்தது.

"மேடம், நீங்க செஞ்சதுலயே பெரிய படம் எது தெரியுமா? இந்த ரூம்தான்."

"இது படம் இல்லைங்க. நான் தூங்கற இடம்."

அவர் அசரவில்லை. அறை முழுவதையும் கேமராவால் அளந்து கம்ப்யூட்டரில் அப்படியே எழுப்பிவிடலாம், வருகிறவர்கள் அதற்கென்று இருக்கிற வி.ஆர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதற்குள்ளேயே நடக்கலாம் என்றார்.

"என் வேலையைப் பார்க்கக் கூப்பிட்டீங்களா, என் கட்டிலைப் பார்க்கவா?" என்று கேட்டாள் ஓவியர். முடியாது என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள்.

அக்கா மகள்தான் விடவில்லை. "இப்பல்லாம் வெறும் படத்துக்கு யாரும் வர மாட்டாங்க சித்தி. எத்தனை வருஷம் காத்திருந்தீங்க? அரை நாள் வேலை. எதையும் திறக்க விடாம நானே பக்கத்துல நின்னு பார்த்துக்கறேன்."

பிடிவாதம் பிடித்து இதுவும் கைநழுவிப் போய்விட்டால் என்ற பயம் ஓவியருக்கும் இருந்தது. ஒரு பொருளையும் தொடக் கூடாது, அலமாரியைத் திறக்கக் கூடாது என்று சொல்லி, நீட்டிய காகிதங்களில் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள்.

அலமாரி குறுக்காக நின்றதற்குக் காரணம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். சுவர் ஓதம் அடிக்கிறது, ஒட்டி வைத்தால் மரம் கெட்டுவிடும் என்று அக்கா மகளிடம் சொல்லியிருந்தாள். அலமாரிக்குப் பின்னால் ஒரு ஆள் ஒருக்களித்து நுழைகிற இடுக்கு. அங்கே சுவரில் ஏழு கரிக்கோல் படங்கள். அக்காவின் கடைசி வாரங்கள். துணி விலகிய உடம்பு, எலும்பு துருத்திய தோள், திறந்த வாய். "இதெல்லாம் எம்பொண்ணு கண்ணுல படவே கூடாது" என்று அக்கா கேட்டுக்கொண்டாள். ஓவியரும் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். கிழித்துப் போடத்தான் அவளுக்குக் கை வரவில்லை. அவள் வரைந்ததிலேயே சிறந்தவை அவை.

அறையை அளக்க வந்தவர்கள் கொடுத்த வாக்கை மீறவில்லை. ஒரு பொருளையும் தொடவில்லை, எதையும் திறக்கவில்லை. ஆனால் அவர்களுடைய கேமரா நீளமான கம்பின் நுனியில் இருந்தது. கூரையை ஒட்டி அறையைச் சுற்றி வந்தபோது, ஆள் கண்ணுக்கு எட்டாத இடுக்கு அதற்கு எட்டியது. கீழே நின்ற அக்கா மகளுக்கு அது தெரிய வழியில்லை.

திறப்பு நாளில் ஓவியர் போய்ப் பார்த்தால், நாற்பது படம் பதினொன்றாகச் சுருங்கியிருந்தது. அந்தப் பதினொன்றும் நடைபாதையில். அந்த நடைபாதையில்தான் கண்ணாடிக்கான வரிசை. ஜனங்கள் படங்களுக்கு நடுவே சுவரில் சாய்ந்துகொண்டு போனைத் தேய்த்தபடி நின்றார்கள். ஒருவருடைய தோள்பை ஒரு படத்தின் சட்டத்தில் இடித்துக்கொண்டே இருந்தது. ஓவியர் அந்தப் பையை ஓரமாக நகர்த்தியதும் அவர், "வரிசையில வாங்கம்மா" என்றார்.

உள்ளே வெறும் வெள்ளைக் கூடம். பத்துப் பேர் கண்ணாடியோடு காற்றைத் துழாவிக்கொண்டு நடந்தார்கள். ஒரு பெண் குனிந்து எதையோ பார்த்துச் சிரித்தாள். தன் கட்டிலடியைத்தான் பார்க்கிறாள் என்று ஓவியருக்கு உடம்பு கூசியது.

அக்கா மகளும் மாட்டிக்கொண்டாள். "அய்யோ சித்தி, அப்படியே நம்ம ரூமு! அலமாரிக்குள்ளயே பூந்து போகலாம் போல!" என்றவள் இரண்டு அடி வைத்தாள். நின்றாள். அவள் கை மெல்ல உயர்ந்து காற்றில் எதையோ தடவியது. பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கண்ணாடியைக் கழற்றிச் சித்தியிடம் நீட்டினாள்.

"அம்மா இருக்காங்க சித்தி. அங்க."

ஓவியர் பஞ்சுவைத் தேடிப் பிடித்தாள். வாழ்த்துச் சொல்ல வந்த கூட்டத்துக்கு நடுவிலேயே கேட்டாள். "அந்த ஏழும் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் மேடம்," என்றார் அவர், குரல் கொஞ்சமும் மாறாமல். "வேலை முடிச்சுக் கொண்டுவந்து காட்டினப்பவே பார்த்தேன். எடுத்திடலாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். மனசு வரல. நீங்க குடுத்த நாற்பதும் சேர்ந்து அதுல ஒண்ணுக்கு ஈடாகாது. அது உங்களுக்கே தெரியும்."

அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஏழையும் எடுத்துவிடச் சொன்னாள்.

அறையில் உள்ள அனைத்தையும் காட்டலாம் என்று அவள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் இருந்தது. பெரிய மனது பண்ணி அந்த மூலையை மட்டும் மங்கலாக்கித் தருவதாகப் பஞ்சு ஒப்புக்கொண்டார். மறுநாளே செய்தும் கொடுத்தார். அதன் பிறகு வந்தவர்கள் வேறெதையும் பார்க்கவில்லை. மங்கலுக்குப் பின்னால் என்ன என்பதுதான் பேச்சு. முதல் நாள் பார்த்தவர்கள் எழுதினார்கள், பார்க்காதவர்கள் அதைவிட அதிகமாக எழுதினார்கள். கண்காட்சியை மூன்று மாதம் நீட்டித்தார்கள். நடைபாதையில் நெரிசல் என்று பதினொரு படங்களையும் முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மருந்துக் கடையில் முன்பின் தெரியாத ஒருவர், "உங்க கட்டில் அந்த ஜன்னலோரம் குளிராதா?" என்று கேட்டார். அன்றிலிருந்து ஓவியர் அந்த அறையில் படுக்கவில்லை. சமையலறைச் சுவரில் முதுகைக் கொடுத்துக்கொண்டு வரையப் பார்த்தாள். கோடு ஓடவில்லை.

வீட்டில் அக்கா மகள் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு ஒரு காலையில் பெட்டியோடு வந்து நின்றாள்.

"அந்தப் படங்களைக் குடுங்க."

"உங்கம்மா என்கிட்ட சத்தியம் வாங்கினாம்மா."

"ஊரே பார்த்தாச்சு. நான் பார்க்கக் கூடாதா? நான் பக்கத்து ரூம்ல தூங்கிட்டிருந்தேன் சித்தி. ஆறு வருஷம். அந்தப் பக்கம் எங்கம்மா."

ஓவியர் எழுந்து போய் அலமாரியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். இருவருமாகச் சேர்ந்து அலமாரியைத் தள்ளினார்கள். மகள் ஏழையும் தானே ஒவ்வொன்றாகக் கழற்றி, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள். அலுவலகத் தோழியோடு தங்கப் போவதாகச் சொன்னாள். வாசலில் திரும்பிப் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு மாலை போன் வந்தது.

"சித்தி, ஒண்ணு கேக்கணும். அம்மாவோட வலது கை ஏழுலயும் எதையோ பிடிச்ச மாதிரி மூடியிருக்கு. உள்ள ஒண்ணும் இல்ல. என்ன அது?"

ஓவியர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். வலி அப்படித்தான் என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்தக் கை எதைப் பிடித்திருந்தது என்று எந்தக் கேமராவும் பார்த்ததில்லை.

"வலி வந்தா என் கையைப் பிடிச்சுக்குவா," என்றாள். "எனக்கு வரையற கை வேணும்ல. விரலைப் பிரிச்சு விடுவேன். அவ கை அப்படியே நிக்கும்."



"ஏழு தடவையா?"

"ஏழுக்கு மேலயே இருக்கும்மா."

மகள் போனை வைத்துவிட்டாள்.