ரிவர்ஸ் லைட்டுக்கு ஒரு சாட்சி

வாரம் முழுக்க "வேலை செய்யல" என்பதைக் கேட்டுக் கேட்டே சம்பளம் வாங்குகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமையாவது காது ஓய வேண்டும். மருமகனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "ப்ளக் சொருகியிருக்கான்னு ஒரு தடவை பாருங்க" என்று பதமாகப் பேசுவது அவன் பிழைப்பு. இன்றைக்கு அவன் காருக்குள் உட்கார்ந்திருக்க, காருக்குப் பின்னால் நின்றபடி மாமனார் புகார் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"எரியல மாப்ள."

மாமனார் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மகள் வீட்டோடு வந்து சேர்ந்த பிறகு அவருக்கென்று மிஞ்சியிருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். நர்ஸாக இருக்கும் மகளை நைட் டூட்டிக்குக் கொண்டுபோய் விட வேண்டும், விடிவதற்குள் போய்க் கூட்டிவர வேண்டும். அதற்கும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டைதான், படிய வாரிய தலைதான். அறுபது பயணிகள் காத்திருக்கிற தோரணையில் ஒரே ஒரு பயணியை ஏற்றிக்கொண்டு போவார்.

போன வாரம், வெளுக்காத நேரத்தில் மகளைக் கூட்டிவரக் கிளம்பியவர், காரைப் பின்னால் எடுக்கும்போது எதிர்வீட்டுத் தையல்காரம்மாவின் சைக்கிள் மேல் ஏற்றிவிட்டார். அந்த அம்மாள் பால் வாங்கி வந்து, அப்போதுதான் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தன் கேட்டைத் திறக்க நகர்ந்திருந்தாள். சைக்கிள் தகடாகிவிட்டது. அவள் நகராமல் இருந்திருந்தால் என்று வீட்டில் எல்லோரும் அந்தத் தகட்டைப் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

"ரிவர்ஸ் லைட் எரியலம்மா. இருட்டு. லைட்டு எரிஞ்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதா?" என்றார் மாமனார்.

மகள் சண்டை போடவில்லை. ஊசி போடுவதற்கு முன்னால் பேசுகிற குரலில் தீர்ப்பு சொன்னாள். "சரிப்பா. லைட்டு ரிப்பேர்னா சரி பண்ணிட்டு நீங்களே ஓட்டுங்க. லைட்டு நல்லா இருந்துச்சுன்னா சாவி எங்கிட்ட." அப்புறம் புருஷன் பக்கம் திரும்பி, "நீங்க பாருங்க" என்றாள். அன்றிலிருந்து அவள் கூட வேலை பார்க்கிறவளின் ஸ்கூட்டரில் போய் வந்தாள். இன்று காலையில் வந்தவள், "எரியுதா எரியலையான்னு நான் கிளம்பறதுக்குள்ள தெரியணும்" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

விளக்கு கெட்டுப் போயிருக்க வேண்டும் என்று மருமகன் மனசார வேண்டிக்கொண்டான். ஒன்று, மாமனாரை அவனுக்குப் பிடிக்கும். இரண்டு, அவர் சாவியைக் கொடுத்துவிட்டால் அது வந்து விழப்போவது அவன் கையில். அவன் ஓட்டினால் ஆட்டுக்குட்டிகூட ஓவர்டேக் செய்யும்.

பார்ப்பதற்கு ஒன்றும் பிரம்மவித்தை இல்லை. சாவியைத் திருப்பி, எஞ்சினை எழுப்பாமல் ரிவர்ஸ் கியர் போட வேண்டும். பின்னால் வெள்ளை விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் இந்தக் கிழட்டுக் காரில் ரிவர்ஸ் கியர் நிற்காது. கையால் அழுத்திப் பிடித்திருந்தால் உண்டு, விட்டால் வழுக்கிக்கொண்டு நியூட்ரலுக்கு வந்துவிடும். பிடிக்க ஓர் ஆள், பார்க்க ஓர் ஆள்.

"நீங்க உள்ள உக்காந்து புடிங்க மாமா, நான் பின்னாடி பார்க்கிறேன்" என்று காலையிலேயே சொல்லிப் பார்த்தான்.

"தீர்ப்பு வர்ற வரைக்கும் அந்த சீட்ல உக்கார மாட்டேன் மாப்ள. மானஸ்தன் நான்."

மானஸ்தனை யார் மறுப்பது? அவன் பிடித்தான், அவர் பார்த்தார். எரியல.

பல்பைக் கழற்றிக் காதோரம் ஆட்டினான். இழை அறுந்திருந்தால் உள்ளே கிணுகிணுக்கும், சத்தமில்லை. பேட்டரியில் வைத்தால் பளிச்சென்று எரிந்தது. இருந்தாலும் கடைக்கு ஓடிப் புதுசு வாங்கிப் போட்டான். எரியல. ஃபியூஸைப் பிடுங்கி வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான், கம்பி முழுசாக இருந்தது. மாற்றினான். எரியல. கியர் பெட்டியில் ரிவர்ஸ் லைட்டுக்கென்று குட்டி ஸ்விட்ச் ஒன்று இருக்குமாம். செல்போனில் ஒருவன் சிரித்த முகமாகச் சொல்லிக்கொடுத்தான். காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, கண்ணில் மண் விழ, அதன் இணைப்பை உப்புத்தாளால் தேய்த்தான். அந்த வீடியோக்காரன் சட்டையில் ஒரு பொட்டு அழுக்கில்லை. எரியல.

"என்ன தம்பி, கார் முழுகாம இருக்கா? இப்படித் தடவித் தடவிப் பார்க்கிறீங்க" என்று தையல்காரம்மா வாசலில் நூல் பிரித்துக்கொண்டே கேட்டாள். "கியரை நீங்க புடிங்க, எரியுதான்னு நான் வந்து சொல்லட்டா?"

"வேணாம்மா," மாமனார் அவசரமாகச் சொன்னார். "ஒரு கேஸுக்கு ஒரு சாட்சி போதும். நீங்க உள்ள போய்த் தைங்க."

சைக்கிளைப் பறிகொடுத்தவளையே விரட்டுகிறாரே என்று மருமகனுக்குக் கூச்சமாக இருந்ததே தவிர, மண்டையில் ஒன்றும் உறைக்கவில்லை. பசியில் மண்டை அடுத்த வேளைச் சோற்றை மட்டும்தான் யோசித்தது.

பொழுது சாய்ந்தது. விரித்த பழைய துண்டின் மேல் கழற்றிப் போட்ட சாமான்கள் கிடந்தன. எல்லாமே நல்ல சாமான்கள். கெட்டுப் போனது என்று கைகாட்ட ஒன்றுகூட இல்லை. இடுப்பு தனியாகவும் அவன் தனியாகவும் வந்து சீட்டில் உட்கார்ந்தார்கள்.

"கடைசித் தடவை மாமா. எரியுதா?"

கியரைப் பின்னால் தள்ளிப் பிடித்தான். தற்செயலாகக் கண் பக்கவாட்டுக் கண்ணாடிக்குப் போனது. அந்த மங்கலில் மாமனாரின் வெள்ளைச் சட்டை, நெஞ்சிலிருந்து கீழே, நிலா விழுந்த சுவர் மாதிரி பளபளத்தது.

"எரியல மாப்ள" என்றது சட்டை.

அவன் கியரை விட்டான். சட்டை இருண்டது. மறுபடி தள்ளினான். சட்டை வெளுத்தது.

"இப்ப?"

"ம்ஹூம்."

மருமகன் கியரை விட்டு, சாவியைத் திருப்பி அணைத்தான். தினமும் எத்தனை பேரிடம் கேட்கிறான்: நிஜமாவே வேலை செய்யலையா, நீங்களே பார்த்தீங்களா? அதை இன்று கேட்கத் தோன்றவில்லை. நல்லா இருந்த விளக்கைக் காலையிலிருந்து குணப்படுத்தியிருக்கிறான். கோபம் வர வேண்டும். வந்து நிற்பதற்கு அதற்கும் தெம்பில்லை போல.

இறங்கிப் பின்னால் போனான். மாமனார் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார், கறை பட்டதைக் கண்டுபிடித்த மாதிரி.

"தெரிஞ்சிடுச்சா?"

"இப்பதான் மாமா."

"காலையிலேயே எரிஞ்சது. ரெண்டும் நல்லா எரியுது." பம்பரின் மேல் மெல்லச் சாய்ந்து உட்கார்ந்தார். "உங்களைக் குப்புறவும் மல்லாக்கவும் போட்டு உருட்டிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

"வச்சுக்கக்கூட இடமில்ல மாமா, உடம்பு பூரா வலி."

அவர் சிரிக்கவில்லை. "அன்னிக்குக் கண்ணாடியில பார்க்காம எடுத்தேன்னு நினைக்காதீங்க. பார்த்தேன். ரோடு காலியா இருந்துச்சு. காலியா இருக்குன்னு பார்த்துட்டுத்தான் எடுத்தேன்." கையை முகத்துக்கு நேரே நீட்டி, பக்கவாட்டில் நகர்த்தினார். "இங்க ஒரு எடம். கொஞ்ச நாளா இந்த எடத்துல எது இருந்தாலும் என் கண்ணுக்கு இல்ல. அவகிட்ட சொன்னா மறுநாளே சாவியை வாங்கிடுவா. அவளைக் கூட்டிட்டு வர்றதை விட்டா எனக்கு இந்த வீட்ல என்ன மாப்ள வேலை? உக்காந்து திங்கறதா?"

மருமகனும் அவர் பக்கத்தில் பம்பரில் உட்கார, கார் ஒரு முனகல் முனகியது.

அதற்குள் கதவு திறந்தது. யூனிஃபார்மில், ஈரத் தலையோடு மனைவி வந்து நின்றாள்.

"என்ன, ரெண்டு பேரும் இடிச்ச புளி மாதிரி உக்காந்திருக்கீங்க? என்னங்க, எரியுதா இல்லையா?"

மருமகன் வாயைத் திறந்தான். பொய் ஒன்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வயரிங் கோளாறு, மெக்கானிக்கிடம் விடணும் என்று சொன்னால் ஒரு வாரம் ஓடும். எதிரே தையல்காரம்மா தன் கேட்டுக்கு வெளியே குனிந்து, ரோட்டோரத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அதே இடம். அவன் வாய் மூடிக்கொண்டது.

மாமனார்தான் சொன்னார். "எரியுதும்மா. அன்னிக்கும் எரிஞ்சது. என் கண்ணுலதான் கோளாறு."

எழுந்து போய்க் காரிலிருந்து சாவியை உருவி வந்து, மகளிடம் நீட்டாமல், மருமகன் மடியில் வைத்தார். அவள் அப்பாவைப் பார்த்தாள், துண்டில் விரிந்து கிடந்த சாமான் கடையைப் பார்த்தாள். "எரியற லைட்டுக்கா காலையிலேர்ந்து இவ்வளவு அக்கப்போர்?" என்று தொடங்கியவள், அப்பாவின் கண்ணருகே குனிந்ததும் குரல் இறங்கிவிட்டது. "எத்தனை நாளாப்பா? ஏம்ப்பா சொல்லல? எங்க கண் டாக்டர் நாளைக்கு இருப்பாரு. நீங்க வரீங்க."

"யார் கூட்டிட்டு வர்றது?"

"இவர்தான்."

மாமனார் மருமகனை ஏற இறங்கப் பார்த்தார். "கண்ணு போறது பத்தாதாம்மா, உயிரும் போகணுமா?"

"அதுக்கு இப்பவே பழகிக்கலாம், வாங்க மாமா" என்றான் அவன். "வழி எனக்கு அரைகுறைதான். நீங்க சொல்லுங்க."

அவர் யோசித்தார். பிறகு காரைச் சுற்றி வந்து, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். மனைவி பின்னால் ஏறினாள். மருமகன் இரண்டு தடவை திரும்பிப் பார்த்து, தையல்காரம்மா துடைப்பத்தோடு உள்ளே போகும் வரை காத்திருந்து, அங்குலம் அங்குலமாகப் பின்னால் எடுத்தான்.

தெரு முனையில் திருப்பம். மாமனாருடைய வலது கால், அங்கே இல்லாத பிரேக்கைத் தேடித் தரைவிரிப்பை அழுத்தியது. மருமகன் அதைக் கவனித்தான். தன் பிரேக்கை மிதித்தான்.

அதன் பிறகு ஆஸ்பத்திரி வரை அவன் ரோட்டை ஒரு கண்ணாலும், அந்தக் காலை ஒரு கண்ணாலும் பார்த்தபடியே ஓட்டினான். அது அழுத்தியபோதெல்லாம் இவனும் அழுத்தினான்.